ஆலுவாவில் இறக்கிவிட்ட ஆள்

எஸ்ரா என்ற பெரியவருக்கு அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஆள். பதிமூன்று வயதைத் தாண்டிய ஆணாக, யூதனாக இருந்தால் போதும். நல்லவனாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. அந்த ஆளைத்தான் அன்று காலை வேதசிரோமணி சார் ஆலுவாவில் எங்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார். யூதர்களைப் பார்ப்பதற்கென்றே தாம்பரத்திலிருந்து எழுநூறு கிலோமீட்டர் போன பஸ் அது.

வேதசிரோமணி சார் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது அந்தப் பள்ளியில்தான். ஒருநாள் காலை பிரேயரில் என்னை மேடையில் ஏற்றி வாசிக்கச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. கால் மணி நேரம் அப்படியே நிற்க வைத்தார். "இது தேறாது" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுத்தான் இறங்கச் சொன்னார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு ஆள் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டு, "இது யாரு ஜெயசீலி, உன் அண்ணன் பொண்ணா? எத்தனாவது படிக்கிறே பாப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவருடைய ஞாபகசக்தி அவ்வளவுதான். ஆனால் யாக்கோபின் பன்னிரண்டு பிள்ளைகளையும் பிறந்த வரிசையில் மூச்சு விடாமல் சொல்லுவார்.

புதன்கிழமை சாயங்காலம் சேலையூர் ரோட்டில் அவர் வீட்டு மாடியில் பழைய ஏற்பாட்டு வகுப்பு நடக்கும். ரயில்வே கேட் தாண்டித் தனியாக நடக்க ஜெயசீலி அத்தைக்குப் பயம். அதனால் நானும் போவேன். சாருடைய கண்ணில் நான் பட்டதே இல்லை. பதினேழு பேர் வருவோம். போதகர் கேட்டால் சார் நாற்பது என்பார். மேஜைமேல், வனாந்தரத்தில் யூதர்கள் தொழுத ஆசரிப்புக் கூடாரம் அட்டையில் செய்து வைத்திருக்கும். அதன் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம் முழுக்கத் தங்கநிறத்தில் பளபளக்கும். அத்தனையும் சிகரெட் பெட்டிக்குள் வருகிற தாள். சாலமோன் அண்ணன் தன் ஆபீஸில் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பார். புகை பிடிக்கிறவன் பரலோகத்தின் வாசலைக்கூடப் பார்க்கமாட்டான் என்று சார் சொல்லும்போது அந்தக் கூடாரத்தின்மேல்தான் கை வைத்திருப்பார்.

சுவரில் எபிரெய எழுத்துக்கள் இருபத்திரண்டும் ஒரு சார்ட்டில் எழுதி மாட்டியிருந்தது. எழுத்தை யாரும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மூன்று கிளையாக நிற்கிற எழுத்து, கொடிக்கம்பம்போல் தலை தூக்கி நிற்கிற எழுத்து, மூடிய பெட்டிபோல ஒன்று. அந்த வகுப்பில் உருப்படியாக இருந்தது அவை மட்டும்தான்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் மார்ச்சில் ஒரு புதன்கிழமை, சார் நோட்டீஸ் கொடுத்தார். 'யூத மரபு அறியும் கல்விச் சுற்றுலா' என்று போட்டு, ஒரு பக்கம் கொச்சி ஜெபஆலயத்தின் படமும் மறுபக்கம் அவர் படமும் இருந்தது. அவர் படம் பெரிது.

"எருசலேமுக்குப் போக நம்மால ஆகாது. ஆனா எருசலேம் கொச்சிக்கு வந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகுது. தேவன் தெரிந்துகொண்ட ஜனத்தை மே மாசம் நேருக்கு நேர் பார்க்கப்போறோம்" என்றார்.

சரோஜினி டீச்சர், சாருடைய மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு எதற்கும் கண்ணீர் வரும்.

எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுத்தார்கள். இருபது கேள்வி. யூதரின் தாடி எவ்வளவு நீளம்? கை கழுவும்போது எந்தக் கை முதலில்? அவர்கள் முகத்தில் நீங்கள் கண்ட விசேஷம் என்ன? கடைசியில், 'அருகில் சென்று கவனித்து நிரப்பவும்' என்று அடிக்கோடு போட்டிருந்தது. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனபோது கொடுத்த தாளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

நாலு இடம் பார்த்தாலாவது வாய் திறக்கட்டும் என்று அத்தை என் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினோம். டிரைவரைச் சேர்க்காமல் இருபத்திரண்டு பேர். ஊரப்பாக்கம் வரைக்கும் ஜெபம். பொத்தேரி தாண்டுவதற்குள் இட்லிப் பொட்டலம் பிரித்தாகிவிட்டது. அன்று கோயம்புத்தூரில் ஒரு சபை ஹாலில் படுத்து, செவ்வாய்க்கிழமை காலை மறுபடி கிளம்பினோம்.

பஸ் ஓட்டிய குப்பன் அண்ணன் கடப்பேரிக்காரர். ஜெபம் நடந்தால் பீடியை அணைத்துவிட்டு ஓரமாக நிற்பார். தன் பங்குக்கு அது போதும் என்று நினைக்கிறவர். பாலக்காடு தாண்டி ஒரு அரசு பஸ் நடுரோட்டில் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கையைக் காட்டினான். குப்பன் அண்ணன் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். வேதசிரோமணி சார் முகத்தில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அதனால்தான் அது நடந்தது.

அவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பரட்டைத் தலை, ஒரு காதில் வளையம், முட்டியில் கிழிந்த பைஜாமா, முதுகில் அவனைவிடப் பெரிய மூட்டை. கடைசி வரிசையில் எனக்கு ஒரு இடம் விட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கடலை மிட்டாய் ஒன்றை உடைத்துப் பாதியை நீட்டினான். அத்தை என் கையைக் கிள்ளினாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு பாதியையும் தின்றான். பிறகு தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்தான்.

நாம் முடிக்கிற பக்கத்திலிருந்து அவன் அதைத் தொடங்கினான். பக்கங்களை எதிர்ப்பக்கமாகத் திருப்பினான். அட்டையில் பெரிய எழுத்து: மூன்று கிளை, கொடிக்கம்பம், மூடிய பெட்டி.

நான் அத்தையின் முந்தானையை இழுத்தேன். "அத்தை, அந்த எழுத்து..."

"எந்த எழுத்து? அந்தப் பக்கமே பார்க்கக்கூடாது. கண்ணை மூடிக்கோ."

மூடிக்கொண்டேன். நான் சொன்னால் கேட்கிற பிள்ளை.

அங்கமாலி தாண்டியதும், எழுந்து முன்னால் போன அவனுக்குக் குப்பன் அண்ணன் ஒரு பீடி கொடுத்து, தானும் ஒன்று பற்றவைத்துக்கொண்டார். புகை சாருடைய கைக்குட்டைக்குள் போயிருக்கவேண்டும். எழுந்துவிட்டார். டிரைவர் கையிலும் பீடி இருந்தது. ஆனால் பஸ்ஸை ஓட்டுகிறவனை இறக்கிவிட முடியாது.

"யாருய்யா இவன்?"

"லிப்ட்டு கேட்டான் சார். கவுர்மென்ட் பஸ்ஸு ஆக்ஸில் ஒட்ஞ்சி நடுரோட்ல நின்னுகினு கீது. பாவம், கொச்சிக்குத்தான் போறானாம்."

"கஞ்சா கேஸுங்க" என்றார் சரோஜினி டீச்சர். "மூஞ்சியைப் பாருங்க. பொம்பளைப் புள்ளைங்க இருக்கிற பஸ்ஸுல!"

"ஹிப்பி சார். கோவாவுல மந்தை மந்தையா திரியுமாம்" என்றார் சாலமோன் அண்ணன். கோவா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

ஆலுவாவில் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார் சார். எழுந்து போய் அவன் முன்னால் நின்று, "மிஸ்டர், திஸ் இஸ் எ ஹோலி டூர். ப்ளீஸ் கெட் டவுன்" என்றார்.

அவன் புரியாமல், எங்கே போகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டான். யூதர்களைப் பார்க்கப் போகிறோம் என்று சார் இங்கிலீஷில் சொன்னார். கொச்சியில் வசிக்கும் உண்மையான யூதர்களை, என்று அழுத்திச் சொன்னார்.

அவன் சாரையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். மூட்டையைத் தூக்கும்போதும் சிரித்தான், படியில் இறங்கும்போதும் சிரித்தான். பஸ் கிளம்பியபிறகு பின் கண்ணாடியில் பார்த்தேன். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"திமிரைப் பாத்தியா" என்றார் சார்.

சரோஜினி டீச்சர் பையிலிருந்து டெட்டால் பாட்டிலை எடுத்து, ஒரு துணியில் தாராளமாக ஊற்றி, அவன் உட்கார்ந்த இடம், சாய்ந்த இடம், பிடித்த கம்பி எல்லாவற்றையும் துடைத்தார். என் பக்கத்து இடத்தையும் துடைத்தார். என்னையும் துடைத்திருப்பார், அத்தை இருந்ததால் விட்டார்.

அந்த பஸ்ஸில் வந்த இருபத்தொரு பேருக்கு அவன் யார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவர்களை நான் மட்டமாக எழுதுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடவேண்டும்.

மட்டாஞ்சேரிக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். யூதத் தெரு ஒரே இஞ்சி, மிளகு வாசனை. மூன்று மணிக்கு ஜெபஆலயம் திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். தரையில் நீலமும் வெள்ளையுமாக ஓடுகள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்று சொன்னார்கள். அதை நம்பாமல் சாலமோன் அண்ணன் குனிந்து ஒரே மாதிரி இரண்டு ஓடு தேட ஆரம்பித்தார். மற்றவர்கள் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு யூதரைத் தேடினார்கள்.

ஓரத்து பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பழைய பேண்ட், தலையில் சின்னத் தொப்பி. தாடி இல்லை. முதல் கேள்வி அடிபட்டுப் போனது. சாலமோன் அண்ணன் தவிர எல்லோரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"உங்க பேரு?" என்றார் சார், சத்தமாக. காது கேட்காதவரிடம் பேசுவதுபோல.

"எஸ்ரா. தமிழ் தெரியும், மெதுவா சொன்னா போதும். கோயம்புத்தூர்ல பத்து வருஷம் பஞ்சு வியாபாரம் செஞ்சிருக்கேன்."

"எஸ்ரா!" என்று சரோஜினி டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். "வேதத்துல இருக்கிற பேருங்க!"

"உங்க பேரு?"

"சரோஜினி."

"அதுவும் நல்ல பேருதான்" என்றார் எஸ்ரா.

சார் தன் பரிசை எடுத்தார். தெர்மக்கோல் பலகையில் சிகரெட் தாளை வெட்டி ஒட்டி, எபிரெயத்தில் வாழ்த்துச் சொல் செய்திருந்தார். ஒரு மாதம் உழைத்தாராம். எஸ்ரா அதை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இது எந்த பாஷை?"

"எபிரெயம் சார்!"

"ஆமா ஆமா. எழுத்து எபிரெயம்தான்." பலகையை மெதுவாகப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். நாங்கள் வந்ததிலிருந்தே அவர் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வரவேண்டியிருந்தது என்று தெரிந்தது.

அத்தைதான் கேட்டாள். "யாருக்காகவாவது காத்திருக்கீங்களா?"

"ஆமா அம்மா. ஒரு ஆளுக்கு." விரலை மடக்கிச் சொன்னார். "என் மனைவி போயி இன்னிக்கு ஒரு வருஷம். எங்க வழக்கப்படி அவளுக்கு ஒரு ஜெபம் நான் சொல்லணும். பத்து ஆம்பிளைங்க இருந்தாத்தான் சொல்லலாம். ஒன்பது பேருன்னா வாயைத் திறக்கக்கூடாது. முன்னே இந்தத் தெருவுல கூப்பிட்டா அம்பது பேரு வருவாங்க. எல்லாம் இஸ்ரவேலுக்குப் போயிட்டாங்க. காலையில எட்டு பேரு இருந்தோம். சாயங்காலத்துக்கு எர்ணாகுளத்துலேருந்து ரெண்டு பேரு வர்றதா இருந்தது. ஒருத்தர் வருவார். இன்னொருத்தர் நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில. பொழுது சாஞ்சா நாள் முடிஞ்சது."

அவர் அழவில்லை. ரயில் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். சரோஜினி டீச்சர்தான் அழுதார்.

சார் ஒரு அடி முன்னால் வந்தார். அவர் முகத்தில் பெரிய வெளிச்சம். "கவலைப்படாதீங்க! நாங்க இருக்கோம். இதோ பாருங்க, சாலமோன், லாசரஸ், அசரியா, பேரைப் பாருங்க! பதினொரு ஆம்பிளைங்க. ஒருத்தர் என்ன, எல்லாரும் நிக்கிறோம்."

"ரொம்ப சந்தோஷம். ஆனா யூதரா இருக்கணும்."

"நாங்களும் ஆபிரகாமின் பிள்ளைங்கதான்" என்று ஆரம்பித்து, ரோமர், கலாத்தியர் என்று அதிகாரமும் வசனமுமாகச் சார் பத்து நிமிஷம் பேசினார். பெரியவரின் மனைவி செத்த நாளில், பெரியவரின் ஜெபஆலயத்தில், யார் யூதர் என்று அவருக்கே வகுப்பு எடுத்தார். எஸ்ரா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்களுக்கு அது நல்லது" என்றார் கடைசியில். "எனக்கு ஒரு ஆள் வேணும்."

சாரின் முகம் சுருங்கிப்போனது. "பெருமையைப் பாத்தியா" என்று லாசரஸ் மாமாவிடம் முணுமுணுத்துவிட்டுக் கேள்வித்தாளை மடித்துக்கொண்டார்.

நான் அத்தையிடம் போனேன். "காலையில வந்தவர் யூதர் அத்தை. புஸ்தகம் பாத்தேன். சார்ட்டுல இருக்கிற எழுத்து."

"சும்மா இரு. சார் காதுல விழப்போகுது."

சாலமோன் அண்ணனிடம் சொன்னேன். இன்னும் ஓட்டின்மேல்தான் குனிந்திருந்தார். "அந்த கஞ்சா பார்ட்டியா? போ பேபி. யூதன்னா கறுப்பு கோட்டு போட்டுகிட்டு, தாடி வச்சுகிட்டு இருப்பான். நான் படத்துல பாத்திருக்கேன்."

எதிரே தாடி இல்லாமல், கோட்டு இல்லாமல் ஒரு யூதர் உட்கார்ந்திருந்தார். அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல் எஸ்ராவிடமே போனேன். போய் நின்றேனே தவிர, அந்த மேடையில் நின்றதுபோலத்தான் நின்றேன். என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். கையிலிருந்த ஜெபஆலய நுழைவு டிக்கெட்டைத் திருப்பி, பென்சிலால் அந்த மூன்று எழுத்தையும் அட்டையில் இருந்தபடியே போட்டுக் கொடுத்தேன்.

அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதை எங்கே பாத்தே, மோளே?"

"பஸ்ல. ஒருத்தர் கையில. புஸ்தகம்."

"இப்போ எங்கே?"

"ஆலுவாவுல இறக்கிட்டாங்க. கொச்சிக்குத்தான் வர்றார்."

அவர் எழுந்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் கொச்சிக்கு வந்தால் கோட்டைப் பக்கம் கடற்கரையில்தான் இருப்பார்கள் என்றும், தன்னால் அவ்வளவு தூரம் நடக்கமுடியாது என்றும் சாரிடம் சொல்லி, அரை மணி நேரம் பஸ் கிடைக்குமா என்று கேட்டார்.

"அவனா? அவன் யூதனே இல்லைங்க" என்றார் சார். "முப்பது வருஷமா யூதர்களைப் பத்திப் படிக்கிறேன். பார்த்தா எனக்குத் தெரியாதா?"

"எழுபத்தாறு வருஷமா நான் யூதன். பார்த்தா எனக்குத் தெரியாது. கேட்டாத்தான் தெரியும்."

"அடுத்து அரண்மனை பார்க்கணும். புரோகிராம் போட்டாச்சு. பஸ் இங்கேதான் நிக்கணும்."

பஸ்ஸை எடுத்தால் அவன் கிடைத்துவிடுவானோ என்ற பயம் சாருடைய கண்ணில் தெரிந்தது. ஒரு கிழவரின் மனைவிக்கு ஜெபம் நடக்காமல் போனால் பரவாயில்லை, தான் செய்தது தப்பு என்று ஆகிவிடக்கூடாது. முப்பது வருஷப் படிப்பு அதைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த குப்பன் அண்ணன் காதைச் சொறிந்தார். "சார், அரமணைக்கு நடந்தே போலாம் சார், தோ கீது. நான் டீசல் போட்டுகினு வந்துர்றேன். இப்ப போடலன்னா அப்பால பேஜாராப் பூடும்." எஸ்ராவிடம், "ஏறு பெர்சு" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் வா பாப்பா. சந்துக்குள்ள வண்டி போவாது. நீதான் எறங்கித் தேடணும்" என்றார்.

"பேபி, எங்கடி போறே!" என்று அத்தை கத்தியது பஸ் கிளம்பியபிறகுதான் கேட்டது.

போகிற வழியில் எஸ்ரா கேட்டார். "அந்தப் பலகையை யார் செஞ்சது?"

"சார்."

"நாங்க வலது பக்கத்துலேருந்து எழுதுவோம். அவர் இடது பக்கத்துலேருந்து ஒட்டியிருக்கார். ஒரு மணி நேரம் படிச்சாலும் ஒண்ணும் வராது." அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார்.

கடற்கரையில் பெரிய சீன வலைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவன் ஒரு கருங்கல்லில் உட்கார்ந்து வாழைப்பழ பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். ரோட்டில் நின்ற பஸ்ஸைப் பார்த்தான். "நோ, நோ, நோ" என்று கையை ஆட்டினான். மறுபடியும் எங்கேயாவது இறக்கிவிட வந்திருக்கிறோம் என்று நினைத்தான்போல.

எஸ்ரா பஸ்ஸிலிருந்து இறங்கி மெதுவாக வந்து, அவனிடம் ஏதோ கேட்டார். அவன் முகம் மாறியது. எழுந்து நின்று பதில் சொன்னான். எபிரெயம் காதால் கேட்டது அன்றுதான். சார் வகுப்பில் உச்சரிப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெரியவர் விரலைக் காட்டிப் பேசினார். ஒன்பது விரல். அவன் தலையை ஆட்டினான், முடியாது என்று. கடலைப் பார்த்துக்கொண்டு நிறையப் பேசினான். கோபமாகக்கூட இருந்தது. பெரியவர் கெஞ்சவில்லை. இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். வெயில் தாழ்ந்துகொண்டே வந்தது.

அவன் என் பக்கம் திரும்பினான். "ஹோலி டூர்?" என்றான்.

"சாரி" என்றேன்.

சார் சொல்லவேண்டிய வார்த்தை அது. அவருக்குப் பதிலாக நான் சொல்லவேண்டியிருந்தது எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஆனால் அவன் மிச்ச பஜ்ஜியை வாயில் போட்டு, கையைப் பைஜாமாவில் துடைத்து, மூட்டையை எடுத்துக்கொண்டான்.

காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்து மூக்கைச் சுருக்கினான். "ஹாஸ்பிடல்?" என்று கேட்டான்.

"ஆமா நைனா, ஆஸ்பத்திரி வண்டி. உள்ளாற வந்தவனெல்லாம் பேஷண்ட்டு" என்றார் குப்பன் அண்ணன்.

அவன் பெயர் யாரோன் என்றும், இஸ்ரவேலில் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் சுற்ற வந்தவன் என்றும் எஸ்ரா எனக்குச் சொன்னார். "அவனுக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லையாம். அவன் அப்பன் செத்தப்பவே ஜெபம் சொல்லலையாம். நான் சொன்னேன், நம்பிக்கையை நான் கொண்டு வர்றேன், நீ உன் ரெண்டு காலைக் கொண்டு வான்னு."

ஐந்தே முக்காலுக்கு யூதத் தெருவுக்குத் திரும்பினோம். ஜெபஆலயத்தின் வாசலில் வயதான ஆண்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எங்கள் கூட்டமும் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்து எலுமிச்சை சாதத்தைப் பிரித்துத் தெருவோரம் தின்றுகொண்டிருந்தது. எஸ்ராவோடு அவன் இறங்கியதைப் பார்த்ததும் எல்லோருடைய வாயும் நின்றது. வாசலில் ஒருவர் அவன் தலையில் ஒரு சின்னத் தொப்பியை வைத்தார். ஒருவர் தோளில் தட்டினார். பிறகு எண்ணினார்கள். பத்து.

சார் கையைக் கழுவிக்கொண்டு வேகமாக வந்தார். "நாங்களும் உள்ளே வந்து..."

"ஜெப நேரம். பார்வையாளர் நேரம் முடிஞ்சது" என்றார் வாசலில் நின்றவர். கதவு சாத்தப்பட்டது.

"அவனை உள்ளே விடறான், நம்மளை வெளியே நிறுத்தறான்" என்றார் சார். ஆலுவா பாலத்தில் நின்றவன் சொல்லவேண்டியதை இவர் சொன்னார்.

நான் சுவரோரம் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். முதலில் எல்லோரும் முணுமுணுப்பது கேட்டது. பிறகு எஸ்ராவின் குரல் மட்டும் தனியாக. அவசரமில்லாத குரல். ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல இருந்தது. நடுநடுவே மற்றவர்கள் 'ஆமென்' என்றார்கள். அதில் ஒரு குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தி வந்தது.

எனக்குப் பின்னால் சரோஜினி டீச்சர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டியா ஜெயசீலி? ஆமென்னு சொல்றாங்க! நம்ம வார்த்தை!" என்றார்.

நம்ம வார்த்தையாம்.

கதவு திறந்ததும் எஸ்ரா என்னைத் தேடி வந்தார். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "சொல்லியாச்சு மோளே" என்றார். பிறகு, "உங்க ஊர்ல யூதர்கள் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அடுத்த வருஷமும் இதே நாள் வரும். அப்பவும் ஆள் குறையும்" என்று சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றித் தெருவில் நடந்தார்.

அவர் போனதை வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் யாரோனைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். சாலமோன் அண்ணன் அவன் தோளில் கைபோட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். சரோஜினி டீச்சர் கேள்வித்தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். சார் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, எர்ணாகுளம் வரை எங்கள் பஸ்ஸிலேயே வரவேண்டும் என்றும், அது எங்களுக்கு ஆசீர்வாதம் என்றும் இங்கிலீஷில் சொன்னார். யாரோன் குப்பன் அண்ணனிடம் ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்து, புகையைச் சாருடைய முகத்துக்கு நேராக விட்டான். சார் இருமிக்கொண்டே சிரித்தார். யாரோன் எனக்கும் குப்பன் அண்ணனுக்கும் கையை ஆட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கமே நடந்து போய்விட்டான்.

பஸ்ஸில் ஏறியதும் சண்டை. கடைசி வரிசை ஜன்னலோர இடத்தில் யார் உட்காருவது என்று. தெரிந்துகொள்ளப்பட்ட ஜனத்தில் ஒருவன் இரண்டு தடவை உட்கார்ந்த இடமாயிற்றே. லாசரஸ் மாமா தனக்கு முழங்கால் வலி என்றார். சரோஜினி டீச்சர், அந்த இடத்தைத் தன் கையால் துடைத்தது தான்தான் என்றார். வெட்கமே இல்லாமல் அதையும் ஒரு உரிமையாகச் சொன்னார். கடைசியில் சார் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு, அவரே போய் அங்கே உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்து முன்னால் வந்து, இன்ஜின் பெட்டிமேல் குப்பன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திரும்பி வந்த இரண்டு நாளும் அவர் அந்த இடத்தை விடவில்லை. டீ குடிக்க இறங்கினால் கைக்குட்டையைப் போட்டுவிட்டு இறங்கினார். சேலம் வருவதற்குள், ஒரு யூதன் நடுரோட்டில் தவித்துக்கொண்டிருந்ததாகவும், தேவன் நம்முடைய பஸ்ஸை அங்கே அனுப்பி அவனைக் கொச்சியில் கொண்டுபோய்ச் சேர்த்ததாகவும் கதை தயாராகிவிட்டது. விழுப்புரத்தில் எல்லோரும் அதை நம்பினார்கள். ஆலுவா அதில் இல்லை. அத்தைகூட என்னிடம், "நல்லவேளை, நாம ஏத்திகிட்டோம்" என்றாள்.

பொத்தேரி, ஊரப்பாக்கம் எல்லாம் தாண்டித் தாம்பரத்தில் நின்றபோது விளக்கு வைத்திருந்தார்கள். போதகர் மாலையோடு காத்திருந்தார். சார் என்னைத் தாண்டி இறங்கினார். சட்டை முதுகிலிருந்து பேண்ட் வரைக்கும் டெட்டால் நாறியது.